யாழைத் தேடிய வாவிக்கரைத் துறவி

கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவுக்குள் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்த ஊர்களில் கல்லடியும் ஒன்று. சமாதியில் அவர் இயற்றிய மலர்ப் பாடல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாடலைப் பாடசாலையில் பாடமாக்காத மட்டக்களப்புப் பிள்ளைகள் குறைவு. ஆனால் அந்த மனிதர் தன் கடைசிப் பதினான்கு ஆண்டுகளை எதற்குக் கொடுத்தார் என்று கேட்டால், யாழ் நூல் என்று பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவோம். நூலைத் திறந்தவர்கள் சிலர். திறந்தவர்களிலும் உள்ளே இருக்கும் கணக்கைக் கண்டு மூடிவைத்தவர்கள்தான் அதிகம்.

1892 மார்ச் 27 இல் காரைதீவில் பிறந்தவர் அவர். அப்போது காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். தகப்பன் சாமித்தம்பி, தாய் கண்ணம்மை, பிள்ளைக்கு வைத்த பெயர் மயில்வாகனம். அதே 1892 இல் சென்னையில் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். யாழைப் பற்றி அவர் பின்னால் எழுதியதெல்லாம் இந்தப் பதிப்பின் மேல்தான் நிற்கிறது. தற்செயல்தான், என்றாலும் சொல்லாமல் போக மனமில்லை.

சிலப்பதிகாரத்தை அவர் புத்தகத்தில் கண்டதற்கு முன்பே காதால் கேட்டிருப்பார். காரைதீவு கண்ணகை அம்மன் கோயிலுக்குப் பேர்போன ஊர். வைகாசி பிறந்தால் சடங்கு தொடங்கும். கண்ணகி வழக்குரை இரவிரவாகப் பாடப்படும், குளிர்த்தியோடு முடியும். கோவலனும் கண்ணகியும் அந்தக் கரைகளில் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பாத்திரங்கள் அல்லர். எழுத்தறியாத தாய்மாருக்கும் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டுப் பண்டிதர்கள் பலர் இலக்கியமாகப் படித்த கதை அவருக்கு ஊர்ச் சடங்காக வந்தது. அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தைப் படிக்கும்போது, இது எப்படி ஒலித்திருக்கும் என்ற கேள்வி அவருக்கு எழுந்ததன் வேர் இங்கேதான் இருக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

ஊரிலும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் படித்துவிட்டு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். யேசு சபைக் குருமார் நடத்திய கல்லூரி அது. 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்து, படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார். பிறகு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். இலங்கையிலிருந்து அப்படித் தேறிய முதல் ஆள் அவரே. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தபடி லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தையும் 1920 இல் பெற்றார். அந்த ஆண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர்.

பௌதிகமும் பண்டிதமும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். இன்றும் அபூர்வம்தான். நல்ல சம்பளம், நல்ல பதவி, வயது முப்பது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரம்மச்சரியப் பெயர் பிரபோத சைதன்யர். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்களுக்கு ஆசிரியராகவும் இருந்தார். துறவு பெற்ற அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் பேசியது வேதாந்தம் அல்ல, நாடகம். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த அந்த முயற்சி 1926 இல் மதங்க சூளாமணி என்ற நூலானது. துறவி கூத்தைப் பற்றி எழுதலாமா என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருக்கலாம். அவர் அதற்காக நின்றதாகத் தெரியவில்லை.

1925 இல் இலங்கைக்குத் திரும்பியவர் மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் பாடசாலைகள் எழுந்தன, வளர்ந்தன. 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது. குருவின் பெயரையே அதற்கு வைத்தார். அதோடு சேர்ந்து, ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லமும் இயங்கியது. போர்க்காலத்தில் எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் இல்லங்கள் எத்தனை பெருகின என்பது வாசகர்களுக்குத் தெரியும். அந்த வேலையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, போரும் ஆழிப்பேரலையும் இல்லாத காலத்தில், வறுமையை மட்டும் பார்த்துச் செய்தவர் அவர்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டாண்டு சிதம்பரத்தில் இருந்தார். பாரதியை வரகவி என்று பல பண்டிதர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம். இவர் பாரதியை மாணவர்கள் நடுவில் கொண்டுவந்தார். மாலையானால் திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தார். யாழ் ஆராய்ச்சிக்கு வித்து விழுந்ததும் சிதம்பரத்து நாட்களில்தான். ஒரு பக்கம் ஆடல் வல்லானின் கோயில், மறுபக்கம் இசைக்கென்றே ஒரு கல்லூரி. சுற்றியுள்ள தஞ்சை ஊர்களில் தேவாரம் பாடும் ஓதுவார்களும் நாதசுர வித்துவான்களும். இசை படிக்க அதைவிட வேறு இடம் கிடைக்காது.

சிக்கல் இதுதான். சங்கப் பாடல்களில் பாணர் யாழோடு நடக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் யாழாசிரியன் இருக்கிறான். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று உரையாசிரியர்கள் பெயர் சொல்கிறார்கள், நரம்புக் கணக்கும் சொல்கிறார்கள். பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஆனால் கருவி இல்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒரு குடும்பமும் இல்லை. வீணை அந்த இடத்தை எடுத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பாணர் என்ற இசைக்குடியே சிதறிப்போனது. சொல் மட்டும் ஏட்டில் கிடந்தது.

அவருக்கு முன்பே தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இந்த வழியில் நடந்தவர். 1917 இல் வந்த கருணாமிர்த சாகரம் தமிழிசை ஆராய்ச்சியின் முதல் பெருநூல். ஒரு தானத்தை 24 சுருதிகளாகப் பிரிக்கவேண்டும் என்பது பண்டிதரின் முடிவு. விபுலானந்தர் 22 அலகில் நின்றார். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. கூட்டினால் 22.

வெறும் எண்ணாகத் தோன்றும் இதற்குப் பின்னால் உள்ளது ஒரு நரம்பும் ஒரு அளவுகோலும்தான். நரம்பை இழுத்துக் கட்டித் தட்டினால் ஒரு ஒலி. அதை மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் நிறுத்தித் தட்டினால் இளி பிறக்கும், இன்றைய பஞ்சமம். நான்கில் மூன்று பங்கில் நிறுத்தினால் உழை, இன்றைய மத்திமம். குரலிலிருந்து இளி, அந்த இளியைக் குரலாக வைத்து அதன் இளி என்று போய்க்கொண்டே இருந்தால் ஏழு சுரங்களும் ஒவ்வொன்றாகப் பிறந்துவிடும். பன்னிரண்டு முறை போனால் தொடங்கிய சுரத்துக்கே திரும்பியது போலிருக்கும், ஆனால் மயிரிழை தள்ளி நிற்கும். உலகத்து இசைக்கணக்கர்கள் எல்லாரும் மோதிக்கொண்ட இடம் அது. கிரேக்கர் மோதினார்கள், சீனர் மோதினார்கள். இளங்கோவும் உரையாசிரியரும் தங்கள் சொற்களில் இதைத்தான் பேசுகிறார்கள் என்று காட்ட ஒரு தமிழ்ப் பண்டிதரால் மட்டும் முடியாது. ஒரு பௌதிகப் பட்டதாரியால் மட்டும் முடியாது. இரண்டுமாக இருந்த ஒருவர் காரைதீவிலிருந்து போய்ச் சேர்ந்தார்.

அடுத்த படி பாலைத் திரிபு. யாழில் நரம்பு மாற்றாமல், குரலாக எடுக்கும் நரம்பை மட்டும் மாற்றினால் புதிய பாலை பிறக்கும். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்று வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து விழும். ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டையைத் தொடாமல் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலிருந்தும் தொடங்கி வாசித்துப் பார்ப்பவர்களுக்கு இது விரலிலேயே விளங்கும். ஐரோப்பியத் தேவாலய இசையும் ஜாஸ் வாத்தியக்காரரும் இதே திருப்பத்தை வேறு பெயர்களில் கையாளுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியவரும்போது, இந்த ஏழு பெயர்களும் தெரிந்திருந்தால் நல்லது.

இந்த வேலை ஒரே இடத்தில் இருந்து நடக்கவில்லை. சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கலாம் என்பவர்களுக்கு அந்தச் சொற்கள் முதல் கைப்பிடியாக இருந்தன. 1939 இல் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதிக்குப் போய், பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். பனிமலையில் இருந்துகொண்டும் யாழ்க் கணக்கை விடவில்லை. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை நியமித்தது.

வாவியையும் அவர் விடவில்லை. மட்டக்களப்பு வாவியில் முழுநிலவு இரவுகளில் நீருக்குள்ளிருந்து ஒலி எழும் என்பது பழைய செய்தி. துடுப்பை நீரில் இறக்கி மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். 1848 இல் இங்கு வந்த ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ற் அதைக் கேட்டு எழுதிவைத்தார். கல்லடிப் பாலத்தடியில் யேசு சபைக் குருமார் பின்னால் ஒலிப்பதிவும் செய்தார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. விபுலானந்தர் அதில் நீரரமகளிரைக் கண்டார். அவர்களின் இன்னிசை என்று பாட்டே கட்டினார். ஏழு சுரமும் அந்த நீரில் கேட்டதாக அமைந்த கற்பனை அது. விஞ்ஞானி கவிஞனுக்கு இடம் விட்ட இடம்.

யாழ் நூல் ஏழு இயல்களாக முடிந்தது. பாயிரவியலில் தொடங்கி, யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் என்று போய் ஒழிபியலில் நிற்கும். 103 பண் என்ற பழைய கணக்கையும் அது எடுத்துப் பார்க்கிறது. துறவியிடம் அச்சுக்குக் காசு ஏது? புதுக்கோட்டைப் பக்கத்துச் செல்வர் சிதம்பரம் செட்டியார் இடமும் பொருளும் கொடுத்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஒரு இசை மறுபடி எழுவதற்கு அறிவு மட்டும் போதாது, யாரோ ஒருவர் மடியை அவிழ்க்கவேண்டும் என்பதைப் பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1947 ஜூன் 5, 6 ஆம் நாட்களில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம். திருஞானசம்பந்தர் ஓடம் ஏறி வந்ததாகச் சொல்லப்படும் தலம் அது. அடிகளார் உடல் தளர்ந்திருந்தார். அவர் கணக்கின்படி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. தஞ்சை நால்வர் வழியில் வந்த சங்கீத பூஷணம் க.பொ.சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டினார். பல நூற்றாண்டாக ஏட்டில் மட்டும் இருந்த பெயர்களுக்கு அன்று ஒலி கிடைத்தது. ஆறே வாரத்தில், ஜூலை 19 அன்று, கொழும்பில் விபுலானந்தர் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அவர் எழுப்பிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.

பிறகு யாழ் என்ன ஆனது? கருவி செய்யலாம் என்று நிரூபித்துவிட்டார். ஆனால் கருவியை வைத்து வாழும் ஒரு குடியை நூலால் உண்டாக்க முடியாது. பாணருக்குப் புரவலர் இருந்தார்கள், கேட்கும் ஊர் இருந்தது, மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகப்பன் இருந்தான். 1947 இல் இவற்றில் ஒன்றும் இல்லை. ஆறு வாரத்தில் ஆசிரியரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் பிறந்த மண்ணில் அன்று உயிரோடு ஒலித்துக்கொண்டிருந்த பறைமேளமும் வடமோடி, தென்மோடிக் கூத்தின் மத்தளமும் வசந்தன் பாட்டும் யாழ் நூலின் பொருள் அல்ல. கல்லடிக்கு அருகே டச்சுபாரில் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினோடு ஆடிய கபிரிஞ்ஞாவும் அல்ல. இறந்த கருவியைத் தேடிய கண், பக்கத்தில் இருந்த வாத்தியக்காரரைப் பார்க்கத் தவறியதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தமிழிசைக்கு ஒரு இலக்கணம் உண்டா என்றே சந்தேகித்த சபைகளில் அவர் வாதாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே நிறுக்கவேண்டும்.

விட்ட இடத்தைத் தொட்டவர் அவர் மாணவர் சு.வித்தியானந்தன். பேராதனையிலிருந்து மட்டக்களப்புக் கிராமங்களுக்கு வந்து, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழக மேடைக்கு அழைத்துப்போனார். 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன். கிராமத்து அண்ணாவியார் பட்டதாரி மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். மட்டக்களப்பு வாலிபர் சி.மௌனகுரு அந்த மேடையில் ஆடினார், பின்னர் அதையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஒரு கலைஞர் கூட்டத்தை ஆதரிப்பது என்றால் பொன்னாடை போர்ப்பது மட்டும் அல்ல, அவரை ஆசிரியராக அமர்த்துவதும்தான் என்று அந்தப் பேராசிரியர் காட்டினார்.

1980களின் தொடக்கத்தில் கல்லடியில் விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. பின்னாளில் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் ஆனது. கல்லூரி பிறந்த காலமும் போர் பிறந்த காலமும் ஒன்று. 1985 ஏப்ரலில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை இன்னொருவர் கையிலும் இருந்த ஆண்டுகளில், விடிய விடிய ஆடும் கூத்துக்கு இரவே இல்லாமல் போனது. ஊரடங்கில் களரி எப்படிக் கட்டுவது? மத்தளம் கேட்டால் எந்தக் காவலரண் என்ன நினைக்கும்? நிலவு காலத்தில் தோணி இறக்கி வாவிப் பாட்டைக் கேட்பது பைத்தியக்காரத்தனம் என்றாகிவிட்டது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதில் கூத்து உடுப்பு இருந்திருக்காது, ஏட்டுக் கொப்பியும் இருந்திருக்காது. போர் முடிந்த பின்னும், 2012 ஏப்ரலில், மட்டக்களப்பு நகரில் விபுலானந்தரின் சிலை உடைக்கப்பட்டது. காந்தி, பேடன் பவல், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை சிலைகளும் கூடவே உடைந்தன.

யாழ் அண்மைக் காலத்தில் மறுபடி ஒலிக்கிறது, ஆனால் வேறு ஊரில். சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் சங்க நூல்களைப் பார்த்து யாழ் செய்து, புதிய பாடலோடு வெளியிட்டார். மண்டபத்தில் அல்ல, கைத்தொலைபேசியில்தான் பெரும்பாலானோர் அதைக் கேட்டார்கள்.

இங்கே படுவான்கரையில் களரிகள் மறுபடி கட்டப்படுகின்றன. ஒரு கூத்தை அரங்கேற்ற மாதக்கணக்கில் இரவுப் பழக்கம் வேண்டும். சதங்கை அணி விழா வேண்டும், உடுப்பு வேண்டும், மத்தளத்துக்குத் தோல் வேண்டும். பழக வரும் பெடியன்களில் பாதிப்பேர் கட்டாருக்கோ கொழும்புக்கோ போகும் தேதியை எதிர்பார்த்திருப்பவர்கள். அண்ணாவியாருக்குக் கொடுக்கும் தட்சிணையை இன்னும் ஊரார்தான் வீடு வீடாகச் சேர்க்கிறார்கள்.